லாடம் இல்லாத குளம்புக்குக் கோட்டிங்: ஏற்காடு ஈரத்தில் நிற்குமா?

மலைக்குதிரை:
ஏற்காட்டில் இருக்கிற மட்டக்குதிரை. லாடம் கட்டுறதில்லை. பகல்ல தார் ரோடு, ராத்திரி ஈரத்தரை. முன்னங்கால் ரெண்டிலும் குளம்போட கீழ்விளிம்பு பொரிஞ்சு உதிருது, சின்னச் சின்ன வெடிப்பும் இருக்கு. நொண்டல் இல்லை. தினமும் வேப்பெண்ணெய் தடவுறோம். அக்ரிலிக் கோட்டிங் அடிச்சா தேயாம இருக்குமா? மர வார்னிஷே போதும்ங்கிறாங்களே?

அரம்பிடி:
தேய்மானத்தை அது தடுக்காதுங்க. குளம்புச் சுவரின் (வெளியே தெரியுற கெட்டியான பகுதி) வெளிப்பக்கம் தண்ணி ஏறாம, ஏறினது சட்டுனு காயாம பார்த்துக்கும், அவ்வளவுதான். மாறி மாறி ஊறிக் காயுறதுதான் வெடிப்புக்குப் பெரிய காரணம். தார் ரோட்டுக்கு ரப்பர் பூட்ஸ் போடுங்க.

எண்ணெய்யை முதல்ல நிறுத்துங்க. எண்ணெய் இருந்தா எந்தக் கோட்டிங்கும் உரிஞ்சு வந்துரும். பிறகு விளிம்பை அரத்தால் உருட்டி விடுங்க, பாதி உதிர்வு இதிலேயே நிற்கும். குளம்பைத் தேய்ச்சுக் கழுவி, உலர்ந்த மரத்தூள் மேல ஒரு ராத்திரி நிறுத்துங்க. மறுநாள் 80 நம்பர் உப்புத்தாளால் லேசா உரசி, தூசி தட்டி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைங்க. பக்கத்துல பீடி, அடுப்பு கூடாது. மெல்லிசா ஒரு கை, டப்பாவில் போட்ட நேரம் காய்ஞ்சதும் இன்னொரு கை. தடிமனா ஒரே கை அடிச்சா உள்ளே காயாது. மயிர் தொடங்குற இடத்துக்குக் கீழே அரை விரல் விட்டு நிறுத்துங்க. அடிப்பக்கம், ஃப்ராக் (அடியில் இருக்கிற முக்கோண மெத்தை) வேண்டவே வேண்டாம்.

வார்னிஷ் வேண்டாம். கால் ஊன்றும்போது குதிகால் பக்கம் விரியும். விறைச்ச படலம் கீறிப்போகும், கீறல் வழியா போன தண்ணி உள்ளேயே அடைபடும்.

சேலம்_கால்நடை:
அடிக்கறதுக்கு முன்னாடி முகர்ந்து பாருங்க. ஃப்ராக் பள்ளத்துல கறுப்பாக் கசிஞ்சு நாறினா அது த்ரஷ்ங்கிற அழுகல் நோய். காத்து படாத இடத்தில் வளர்ற கிருமி, மேல மூடினா நல்லா வளரும். வெடிப்புக்குள்ள அழுக்கு இருந்தாலும் அப்படித்தான். முதல்ல அதைச் சரிபண்ணுங்க. அதுக்கு மயில்துத்தம் கெட்டியாப் போட்டா உயிருள்ள திசு வெந்துரும், டாக்டர் சொல்ற அளவுதான். குளம்பு சூடா இருந்தாலோ, நாடி பலமாத் துடிச்சாலோ கோட்டிங் பேச்சே வேண்டாம்.

மலைக்குதிரை:
எத்தனை நாளைக்கு ஒருக்கா?

அரம்பிடி:
வாரம் ஒருக்கா பாருங்க. ஓரம் தூக்கினா அந்த இடத்தை உரசி எடுத்துட்டு மறுபடி அடிங்க, மேலயே அடிச்சு மூடக்கூடாது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருக்கா சீவணும். குளம்பு மாசம் 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும், முன்பக்கம் முழுசா மாற வருஷம் ஆகும். மூத்திரம் தேங்குற தரையை மாத்தலைன்னா கோட்டிங் செலவு வீண்.


சேலம்_கால்நடை:
மழைக்காலத்துல நாளுக்கு ஒருக்கா கொக்கியால சேறு எடுக்கறதையும் விட்டுராதீங்க.