மணவாழ்க்கை வெறுமையாகிவிட்ட நிலையில் இன்னொருவர் மேல் அன்பு வந்தால் என்ன செய்வது?

கேள்வி: அந்திவானம்

எனக்கு வயது 37. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, குழந்தைகள் இல்லை. என் கணவர் கெட்டவர் அல்லர். கை நீட்டியதில்லை, கடுஞ்சொல் பேசியதுமில்லை. ஆனால் கடந்த நான்கு ஆண்டுகளாக வரவு செலவும் வீட்டு வேலைகளும் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை. மனத்தில் உள்ளதை நான் சொல்லத் தொடங்கினால், "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்து போய்விடுவார். அவர் எழுந்து போன பிறகும் அந்த அறையில் எதுவும் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றுவதில்லை என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

ஏழு மாதங்களுக்கு முன் எங்கள் அலுவலகப் பிரிவுக்கு ஒருவர் மாற்றலாகி வந்தார். அப்போது என் மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத் திருகாணி தளர்ந்திருந்ததால், நான் குனியும்போதெல்லாம் கண்ணாடி நழுவும். இரண்டு மாதங்களாக அதை விரலால் மேலே தள்ளிக்கொண்டே காலம் கடத்திவந்தேன். ஒரு நாள் அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய திருப்புளியை எடுத்து, கண்ணாடியைக் கேட்டு வாங்கி, முடுக்கித் துடைத்துத் தந்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன்.

அதன்பின் பேச்சு வளர்ந்தது. வீட்டில் நடப்பதையெல்லாம் இப்போது அவரிடம்தான் சொல்கிறேன். அவர் மணமாகாதவர், என் மேல் அன்பிருப்பதாகச் சொல்லிவிட்டார். உடலளவில் எங்களுக்குள் எதுவும் இல்லை. ஆனால், இரவில் அவருடைய குறுஞ்செய்தி வரும் நேரத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் எனக்கு வந்திருப்பதைப் போன வாரம்தான் நானே கவனித்தேன். இந்த அன்பை நம்பலாமா? நான் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதை?

மறுமொழி: நிழல்மரம்

அன்புச் சகோதரி, உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏறத்தாழ இதே இடத்தில் நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

டாரதி டென்னோவ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒருவரையே ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கும் நிலைக்கு 1979இல் 'லிமரன்ஸ்' என்று பெயரிட்டு விரிவாக எழுதினார். அந்த நிலை பெரும்பாலும் 18 மாதங்கள் முதல் 3 ஆண்டுகள் வரை நீடிக்கும் என்பது அவருடைய கணிப்பு. நம்பிக்கையும் நிச்சயமின்மையும் கலந்திருக்கும்போதுதான் அது கொழுந்துவிட்டு எரியும் என்றும் அவர் கண்டார். உங்கள் நிலையில் இரண்டுமே இருக்கின்றன. அந்த உணர்வு பொய்யன்று. ஆனால் ஏழாவது மாதத்தில் இருந்துகொண்டு அதை ஒன்பதாவது ஆண்டோடு ஒப்பிடுவது இருவருக்குமே நியாயமாகாது. புதியவரை நீங்கள் காய்ச்சலில் பார்த்ததில்லை, பணத்தட்டுப்பாட்டில் பார்த்ததில்லை, "நீ சொன்னது தவறு" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் உங்களுக்கு வாய்ப்பு வந்ததில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று. கண்ணாடி தளர்ந்திருப்பதை அந்த இரண்டு மாதங்களில் உங்கள் கணவரிடம் சொன்னீர்களா? அவர் தாமாகவே கவனித்திருக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணியிருந்தால் அந்த ஏக்கத்தை நான் முழுதாகப் புரிந்துகொள்கிறேன். நானும் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தேன், காத்திருக்கிறேன் என்பதே என் கணவருக்குத் தெரியாது என்பதைப் பிரிந்த பிறகு அவர் வாயால் கேட்டுத்தான் அறிந்தேன்.

துணைக்குத் தெரியாமல் வளரும் உறவுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஷெர்லி கிளாஸ், சுவரையும் சன்னலையும் வைத்து இதை விளக்குவார். துணைவருக்கும் நமக்கும் இடையே சன்னலும், வெளியாருக்கும் நமக்கும் இடையே சுவரும் இருக்க வேண்டும். மூன்றாவது ஒருவரிடம் நம் வீட்டுக் குறையைச் சொல்லி, அவரிடம் சொன்னதை வீட்டில் மறைக்கும்போது சன்னலும் சுவரும் இடம் மாறிவிடுகின்றன. கவிழ்த்து வைத்த கைப்பேசியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

நான் பழைய உறவை முடிக்காமலே புதிய உறவுக்குள் போனேன். புதியவர் நல்லவர்தான். ஆனால் வருத்தம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும் என் பழக்கத்தையும் உடன் எடுத்துச் சென்றிருந்தேன். மூன்றாம் ஆண்டில் அதே மௌனம் அந்த வீட்டிலும் வந்து உட்கார்ந்தது.

மறுமொழி: கரையோரம்

நான் மறுபக்கத்தில் இருந்தவன், விட்டுச் செல்லப்பட்டவன். உங்கள் கணவரைப் போலவே நானும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்து போனவன்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போது எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அதைச் சொன்னால் சிறுமையாகிவிடுவேன் என்று நினைத்து எல்லாப் பேச்சையும் தவிர்த்தேன். அதில் என் பிழை பெரிது.

ஆனால் என் மனைவி பிரிந்ததை விட, பிரிவதற்கு முந்தைய பத்து மாதங்கள் என்னைக் கூடுதலாக வருத்தின. என் பிறந்தநாளுக்கு அவர் சிரித்தது, நாங்கள் சேர்ந்து போன ஒரு பயணம், ஒரு நாள் காரணமின்றி என் தோளில் சாய்ந்தது என ஒவ்வொரு நினைவையும் எடுத்து, இது உண்மையா, அந்த வேறொருவரோடு பேசிவிட்டு வந்த மகிழ்ச்சியா, குற்ற உணர்வா என்று ஆண்டுக்கணக்கில் புரட்டிப் பார்த்தேன். இன்னும் சிலவற்றை என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

நீங்கள் போவதென்று தீர்மானித்தால் போகலாம். அது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் கணவருக்கு முதலில் தெரியட்டும், உங்கள் வாயால் தெரியட்டும்.

மறுமொழி: எழுதுகோல்

மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் பொறுப்பு முழுவதும் இந்தப் பெண்ணின் தோளில் ஏறிவிடக் கூடாது. நான்கு ஆண்டுகள் பேச முயன்றவர் அவர்தான்.

கரில் ரஸ்பல்ட் என்ற உளவியலாளர் 1980களில் தம் ஆய்வுகளில் காட்டியபடி, ஓர் உறவில் ஒருவர் நிலைத்திருப்பதை மூன்று காரணங்கள் தீர்மானிக்கின்றன: அதில் கிடைக்கும் நிறைவு, வேறு வழிகள் எவ்வளவு நல்லவையாகத் தோன்றுகின்றன என்பது, இதுவரை அதில் இட்ட உழைப்பும் காலமும். பற்றுறுதி மிக்கவர்கள் வெளியே ஒருவர் எவ்வளவு ஈர்ப்புடையவராக இருந்தாலும் அவரைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதும் அவரது கண்டுபிடிப்புகளுள் ஒன்று. ஆகவே ஒரு திருப்புளி உங்களை அழவைத்தது என்றால், வீட்டில் பற்று அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த மனிதர் அதைத் தளர்த்தவில்லை. ஒன்பது ஆண்டுகள் போய்விட்டனவே என்பது மட்டும் தங்குவதற்குக் காரணமாக இருக்க வேண்டாம்.

ஒரு நடைமுறைச் செய்தியும் உண்டு. பேச்சைத் துண்டித்து எழுந்து போகும் பலர் அக்கறையின்றி அப்படிச் செய்வதில்லை. ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதியரை ஆய்வுக்கூடத்தில் பேசவைத்து இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே கல்லாக உட்கார்ந்திருந்தவர்களின் துடிப்பு உள்ளே வேகமாக ஏறியிருந்ததைக் கண்டார். அத்தகையவருக்குக் குறைந்தது 20 நிமிட இடைவெளி தந்து மீண்டும் தொடங்குவது பயன் தரும். "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று தொடங்காமல், "எனக்குத் தனிமையாக இருக்கிறது" என்று தொடங்குங்கள். அச்சுறுத்தலோ அடியோ உள்ள வீடாக இருந்தால் இந்த அறிவுரையைச் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். உங்கள் வீடு அப்படியில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மறுமொழி: அந்திவானம்

மூவருக்கும் நன்றி. கண்ணாடியைப் பற்றிய கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. இல்லை, நான் அவரிடம் சொல்லவில்லை.

அலுவலக நண்பரிடம், வேலை நேரத்துக்குப் பின் செய்தி அனுப்ப வேண்டாம் என்றும், என் வீட்டைப் பற்றி இனிப் பேசப்போவதில்லை என்றும், எனக்காகக் காத்திருக்குமாறு கேட்கும் உரிமை எனக்கில்லை என்றும் சொன்னேன். அவர் முகம் வாடியது, ஆனாலும் ஏற்றுக்கொண்டார். நேற்றிரவு கணவரிடம் எனக்குத் தனிமையாக இருக்கிறது என்று தொடங்கினேன். வழக்கம்போல் எழுந்தார். அரை மணி நேரம் கழித்துப் பேசலாமா என்று கேட்டேன். அவர் திரும்பி வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். இன்னொருவர் மேல் மனம் போயிருப்பதையும் சொன்னேன். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "எத்தனை நாளாக?" என்றார். அவர் எதைக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. நான்கு ஆண்டுகளாக என்று சொன்னேன்.

சனிக்கிழமை இருவரும் ஓர் ஆலோசகரைப் பார்க்கப் போகிறோம். சேர்ந்திருப்பதற்காகவா பிரிவதற்காகவா என்று கணவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.