செஸ் கணினியோடு மல்லுக்கட்டும் பிரபலங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நாலாம்சிப்பாய்:

நானே ஆரம்பிக்கிறேன். பல வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

உதவி இயக்குநராக இருந்த காலம். ஹீரோ பெயர் வேண்டாம், சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஷாட் இல்லாத நேரமெல்லாம் கேரவனில் செஸ் கணினியோடுதான் இருப்பார். போன் ஆப் இல்லை. தனிப் பலகை, ஓரமெல்லாம் குட்டிக் குட்டியாகச் சிவப்பு விளக்கு, காயை வைத்துக் கட்டத்தை அழுத்தினால் 'பீப்' என்று கத்தும் வகை. இதைப் படிக்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

"ஷாட் ரெடி சார்" என்று சொல்லப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் ராணியை நகர்த்தினார். பீப். உடனே இயந்திரம் தன் குதிரை எங்கிருந்து எங்கே போகிறது என்று விளக்குப் போட்டுக் காட்டியது. அந்த 'எங்கே'யில்தான் அவருடைய ராணி நின்றுகொண்டிருந்தது. மனிதர் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, தூசி தட்டுகிற மாதிரி, சுண்டுவிரலால் நகர்வைத் திரும்ப எடுக்கும் பொத்தானை அழுத்தினார். ராணியைத் தூக்கிப் பழைய கட்டத்திலேயே வைத்தார். அப்புறம் தலையைத் தூக்கி எதிரே இருந்த மேக்கப் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் நான்.

அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "வர்றேன்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் யூனிட் முழுக்கக் கேட்கும்படி, "எட்டாவது லெவலை அடிச்சுட்டேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை அவர் என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தட்டினேன்.

யூனிட்டில் யாரைக் கூப்பிட்டாலும் ஆட வருவார்கள், எல்லோரும் தோற்றும் கொடுப்பார்கள். அவர் யார் என்று தெரியாத ஒரே ஆள் அந்த இயந்திரம், அதனால்தான் அதோடு ஆடுகிறார் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் அந்தப் பொத்தான் எதற்கு? இன்றுவரை பிடிபடவில்லை.

பழையபலகை:

நான் ரிப்பேர் செய்கிறவன். ரேடியோ, டேப் ரெக்கார்டர், இந்த மாதிரிப் பலகைகள் எல்லாம் வரும்.

ஒரு பாடகர், பெரிய பெயர், அவரே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு வரிசையில் நாலு கட்டம் அழுத்தினால் எடுக்கவில்லை. பேட்டரி அறையில் லேசாகப் பச்சை பூத்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது. உயிர் இருந்தால் நினைவும் இருக்கும், அணைத்துவைத்தாலும் கடைசி ஆட்டம் உள்ளேயே கிடக்கும். அந்த மாடலில் திரை கிடையாது. சரிபார்க்கும் பொத்தானை அழுத்தி, ராஜா படம் போட்ட பொத்தானை அழுத்தினால் ராஜா நிற்கும் கட்டத்துக்கு விளக்கு எரியும். அப்புறம் ராணி, அப்புறம் யானை. வேறு பலகை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஏன் அடுக்கினேன் என்று கேட்காதீர்கள். அடுத்தவர் டைரி திறந்து கிடந்தால் கண் போகுமே, அந்த மாதிரி.

அவர் வெள்ளை. ஒரு யானை, ஒரு மந்திரி காலி. பார்த்தவுடன் தோல்வி என்றுதான் தோன்றும். குதிரையால் ஒரு செக் கொடுத்திருக்கிறார், இயந்திரத்தின் ராஜா மூலைக்குப் போயிருக்கிறது, அத்தோடு அணைத்துவிட்டார். அங்கே அவருக்கு மேட் இருந்தது, எதிராளியின் ராஜா தப்பவே முடியாத முடிவு! ராணியை ராஜா பக்கத்திலேயே கொண்டுபோய் வெட்டக் கொடுக்கணும். குதிரை காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்டணும். வெட்டினதும் குதிரை உள்ளே பாயும். சொந்தக் காய்களே நாலா பக்கமும் அடைத்து நிற்க, ராஜா மூச்சு முட்டிச் சாகும்.

பேட்டரியைக் கழற்றாமல் வேலை செய்ய முடியாது. கழற்றினேன், ஆட்டம் அழிந்தது.

வாங்க வந்தபோது முதல் கேள்வியே, "உள்ள இருந்த ஆட்டம் இருக்கா?" இல்லை சார் என்றேன். சிரித்தார். "நல்லதாப் போச்சு. தோத்துட்டிருந்தேன். அதைத் திறக்கவே பிடிக்காம ஆறு மாசம் மூலையில போட்டிருந்தேன்."

சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பில்லை எழுதிக் கொடுத்துவிட்டேன். சொல்லியிருக்கணுமா?

ஸ்டேல்மேட்:

நாலாம்சிப்பாய், 'அவர் யார் என்று இயந்திரத்துக்குத் தெரியாது' என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம். அதற்கு லெவல் வைப்பது யார்? அவர்தானே? 'என்னைப் பார்த்து ஆடு' என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார். யூனிட் ஆட்கள் விட்டுக்கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தெரிந்துகொண்டு ஆடின இயந்திரங்களும் இருந்தன. கெம்பலென் செய்த 'துருக்கியன்' பொம்மையோடு 1809இல் நெப்போலியன் ஆடினார். வேண்டுமென்றே தப்பாக நகர்த்திப் பார்த்தார், பொம்மை காயைத் திருப்பி வைத்தது, கடைசியில் கையால் காய்களையெல்லாம் தள்ளிவிட்டது என்று ஒரு கதை உண்டு. உள்ளே ஒளிந்திருந்தது மனிதன். எதிரே இருப்பது யார் என்று அவனுக்கா தெரியாது? பின்னால் வந்த 'அஜீப்' பொம்மைக்குள்ளும் ஆள்தான். அதோடு ஆடியவர்களில் ஹூடினியும் ஒருவர். ஊரையே ஏமாற்றின வித்தைக்காரர் ஒரு வித்தைப் பெட்டியோடு உட்கார்ந்து செஸ் ஆடியிருக்கிறார், நினைத்துப் பாருங்கள்.

ஆள் ஒளியாத இயந்திரம் வேண்டுமென்றால் ஸ்பெயினின் டோரெஸ் கெவேடோ 1912இல் செய்தது. ராஜாவும் யானையும் மட்டும் வைத்துக்கொண்டு எதிராளியின் ஒற்றை ராஜாவை மேட் செய்யும். விதியை மீறி நகர்த்தினால் விளக்குப் போட்டுக் காட்டும். மூன்று தடவை மீறினால் ஆடவே மறுத்துவிடும். உங்கள் ஹீரோவுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கணும்.

அப்புறம் செஸ் வீரர் காஸ்பரோவ். 1985 ஜூன், ஹாம்பர்க். நாலு கம்பெனிகளின் 32 செஸ் கணினிகள், ஒரே நேரத்தில் ஒரே ஆள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்து நடந்து ஆடி 32க்கு 32 ஜெயித்தார். அதில் சில மாடல்களில் 'காஸ்பரோவ்' என்று அவர் பெயரே அச்சிட்டிருந்தது. அதில் ஒன்றிடம்தான் மனிதர் திணறினார். தன் பெயர் போட்ட பெட்டியிடம் டிரா செய்தாலும் விளம்பரத்துக்காக விட்டுக்கொடுத்தார் என்பார்களே என்று கவலைப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். பொத்தானைத் தட்டித் தப்பவும் வழியில்லை, ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

என் அனுபவம்: விமான நிலையத்தில் ஒரு விளையாட்டு வீரர், மடியில் பயணத்துக்கான குட்டிச் செஸ் கணினி. எட்டிப் பார்த்து "கோட்டை கட்டுங்க" என்றேன், ராஜாவை ஓரமாக ஒதுக்கிக் காப்பாற்றுகிற நகர்வு. எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். கோட்டை கட்டியிருக்கத்தான் வேண்டும்.

இருட்டில்ஆட்டம்:

எனக்கு வாதம் வேண்டாம், சின்னதாக ஒன்று.

கீபோர்டு கலைஞர் ஒருவர், பார்வை கிடையாது. அவருக்கு உதவியாளாக ஒன்றரை வருடம் இருந்தேன். அவரிடம் பேசும் செஸ் கணினி ஒன்று, 1970களின் கடைசியில் வந்த வகை. நகர்வைக் கரகரவென்று வாய்விட்டுச் சொல்லும். அந்தக் குரலைத் தரும் சில்லு முதலில் பார்வையற்றோருக்கான பேசும் கால்குலேட்டருக்காகச் செய்தது என்று அவர்தான் சொன்னார். "நம்ம பொருளை அவங்க இரவல் வாங்கியிருக்காங்க" என்பார்.

மேடைக்குப் போக இருபது நிமிடம். இடது கை காய்களைத் தடவிக்கொண்டிருக்கிறது. இயந்திரம் ஒரு நகர்வைச் சொன்னது. ஆட்டத்தை விட்டுவிட்டார். அதையே மறுபடி சொல்லவைத்தார். வலது கை மேசையில் விரல் போட்டது. மூன்றாம் தடவை கேட்டுவிட்டு, "இது எப்பவுமே கொஞ்சம் ஸ்ருதி கம்மியாத்தான் சொல்லுது" என்று சிரித்தார்.

அன்று இரவு இரண்டாவது பாட்டின் இடையிசையில் அதே இழுப்பு, அதே கரகரப்பு, நாலே நாலு ஸ்வரம். யாருக்கும் தெரியவில்லை. என் பக்கமாக லேசாகத் தலையைத் திருப்பினார். அந்த ஆட்டத்தில் என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை.

ஆறாம்லெவல்:

நகைச்சுவை நடிகர் ஒருவர் ரயிலில் என் பயணக் கணினியை ஒரு ஆட்டத்துக்கு இரவல் கேட்டார். கொடுத்தேன். நான் தூங்கி எழுந்தபோது அவர் இறங்கியிருந்தார். கணினியும்தான்.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டுப் பழைய பலகை வாங்கக் கிளம்புகிறவர்கள் கவனிக்க. முதலில் அடாப்டர். பின் உள்ளே போகிறது என்பதற்காகச் சொருகிவிடாதீர்கள். சிலதில் நடுவில் பிளஸ், சிலதில் நடுவில் மைனஸ். பெட்டியின் அடியில் படம் போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் போய்விடும், பழையபலகையிடம் கொண்டுபோனாலும் கை விரிப்பார்.

ஆடாத நாட்களில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரப்பலகை வகையில் காய்களின் அடியில் காந்தம் இருக்கும், கட்டத்துக்குக் கீழே அதை உணரும் ரீட் சுவிட்ச். ஒரு காய் தொலைந்துவிட்டது என்று வேறு செட்டிலிருந்து எடுத்து வைத்தால் பலகைக்கு அது கண்ணிலேயே படாது.

பெட்டிமேல் அச்சிட்ட ரேட்டிங்கை, அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணை, நம்பாதீர்கள். அதில் பாதி விற்பவரின் ஆசை.

லெவலைப் பற்றி ஒன்று, நாலாம்சிப்பாய் கவனிக்க. பழைய மாடல் பெரும்பாலானவற்றில் லெவல் ஏறினால் அறிவு ஏறுவதில்லை, யோசிக்கிற நேரம்தான் ஏறும். எட்டாவது லெவல் என்றால் ஒரு நகர்வுக்குச் சில நிமிடம். நீங்கள் எழுதியதில் அவர் ராணியை வைத்ததும் 'உடனே' விளக்கு எரிந்தது என்கிறீர்கள். அது எட்டாவது லெவல் இல்லை. ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

புதிதாக வாங்குவதானால் டிஜிடி செண்டார் மாதிரி ஆளுக்கேற்ப இறங்கி வருவது கிடைக்கிறது. எனக்குப் பிடிக்காது. அடி வாங்கினால் முழுசாக வாங்க வேண்டும்.

நாலாம்சிப்பாய்:

ஆறாம்லெவல், சும்மா வெட்டுகிற நகர்வுக்கு எந்த லெவலிலும் யோசிக்காது என்றல்லவா நினைத்திருந்தேன். ஒன்றாவது லெவலா? ஒன்றாவது லெவலிலேயே திரும்ப எடுத்தாரா? இதை நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். இத்தனை வருடம் அவர்மேல் இருந்த கோபம் இப்போது வேறு என்னவோ ஆகிவிட்டது.

ஸ்டேல்மேட், தப்பாட்டம் வேறு, திரும்ப எடுப்பது வேறு. கம்பெனிக்காரனே பொத்தான் வைத்துத் தருகிறான். நானும் வீட்டில் அழுத்துகிறேன். கண்ணாடியைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஸ்டேல்மேட்:

விடுகிறேன். பழையபலகை, உங்கள் கதையில் ஒரு சந்தேகம். அந்த மேட்டுக்குப் பழைய செஸ் வீரர் பிலிடோரின் பெயர் இருந்தாலும் 1497இல் அச்சான லூசேனாவின் செஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. பாடகருக்குத் தெரியாமல் போகலாம், இயந்திரம் எப்படி உள்ளே போய் மாட்டியது? அப்புறம், குதிரை பாய்கிற கட்டத்துக்குக் கறுப்பின் காவல் எதுவும் இல்லை என்று நிச்சயமாகச் சொல்வீர்களா? ராணியோ மந்திரியோ அங்கே பார்த்துக்கொண்டிருந்தால் மேட்டே கிடையாது. நீங்கள் வீணாக உறுத்தலைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

பழையபலகை:

இயந்திரம் மாட்டியதற்குக் காரணம் கீழ் லெவல்தான். ராணியை இலவசமாகக் கொடுப்பார்கள் என்று இரண்டு நகர்வு தாண்டி அது பார்த்திருக்காது. காவல் விஷயம் எனக்கே இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. அன்றைக்கு ஒரு சீட்டில் குறித்துவைத்தேன். தேடுகிறேன்.

பழையபலகை:

கிடைத்தது, ஸ்குரூ டப்பாவின் அடியில். கறுப்பு ராணி அந்தக் கோடியில் என் ஆளின் சிப்பாயைத் தின்றுகொண்டிருக்கிறது. கறுப்பின் இரண்டு மந்திரியும் வேறு மூலைவிட்டங்களில். அந்தக் கட்டத்தை யாருமே பார்க்கவில்லை. மேட்தான்.

சீட்டின் பின்பக்கம் அவர் போன் நம்பர் இருக்கிறது, வேலை முடிந்ததும் சொல்வதற்காக எழுதியது. ஒன்பது வருடம் ஆகிறது. அடித்துப் பார்க்கவா?

இருட்டில்ஆட்டம்:

அடியுங்கள். மேட்டைச் சொல்லாதீர்கள், நிலையை மட்டும் சொல்லுங்கள். அவரே கண்டுபிடிக்கட்டும்.

ஆறாம்லெவல்:

முதலில் பலகை இன்னும் ஓடுகிறதா என்று கேளுங்கள். அடாப்டரையும் விசாரியுங்கள்.

பழையபலகை:

மணி அடிக்கிறது