பேட்டரியில் 100 என்று போட்டிருந்தது, கெட்டில் ஏன் ஓடவில்லை? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன்

2023-ல் இங்கே தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) மிகவும் மோசமாக இருந்தபோது 1000 வாட் இன்வெர்ட்டர் ஒன்றும், ஒரு ஈயப் பேட்டரியும் வாங்கினேன். பேட்டரியின் மேல் '12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர்' என்று இருந்தது. அந்த ஹவரை நான் கவனிக்கவே இல்லை. வீட்டு மெயின் பிரேக்கரே 60 ஆம்பியர்தான், இது 100, அப்போ வீடு முழுக்கத் தாங்கும் என்று நினைத்தேன். விற்றவரும் அப்படித்தான் சொன்னார்.

முதல் நாள் இருட்டிலேயே ஆயா டீ கேட்டார்கள். கெட்டிலைச் செருகியதும் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. பக்கத்து வீட்டு மாமா ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு காகிதத்தை எடுத்து வைத்து, "தம்பி, அந்தக் கெட்டிலின் அடியைத் திருப்பிப் பார்" என்றார். 2000 வாட். என் இன்வெர்ட்டரால் தர முடிந்ததோ 1000தான்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். சுவர் பிளக்கில் 230 வோல்ட், அதனால் 2000 வாட்டுக்கு 8.7 ஆம்பியர் போதும். அதே 2000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் சுமார் 167 ஆம்பியர் ஓட வேண்டும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிள் ஏன் விரல் தடிமன் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த கேபிளுக்கு நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால்கூட, 167-ஐ 167-ஆல் பெருக்கி அதை 0.01-ஆல் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 280 வாட் சூடு கம்பியிலேயே போய்விடும். 8.7 ஆம்பியருக்கு இதே கணக்கில் ஒரு வாட்கூட வராது.

சரி, அந்த 100 என்னதான்? 12-ஐ 100-ஆல் பெருக்கினால் 1200 வாட்-ஹவர். அது வேகம் இல்லை, மொத்த இருப்பு. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் 600. இன்வெர்ட்டரில் வீணாவது போகக் கையில் 500 சொச்சம். எங்கள் வீட்டில் ஐந்து எல்இடி பல்புக்கு 45 வாட், ரூட்டருக்கு 10, டிவிக்கு 80, ஆக 135. மூன்றரை மணி நேரம் தாராளமாக ஓடுகிறது. கெட்டிலுக்குப் பதில் இப்போது கேஸ் அடுப்பு. ஆயாவுக்கு டீ தவறுவதில்லை.

வாங்கும் முன் இந்தப் பெருக்கலை யாராவது சொல்லித் தந்திருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் நடந்தது. ஒரே மல்டிபிளக்கில் 2000 வாட் ஹீட்டரும் 2000 வாட் கெட்டிலும். கூட்டினால் 4000, 230-ஆல் வகுத்தால் 17.4 ஆம்பியர். நம் பெரிய மூன்று முனை பிளக் தாங்குவது 16. ஆனால் அந்த லைனுக்கான பிரேக்கர் 20 ஆம்பியர், அதனால் அது விழவே இல்லை. பிளாஸ்டிக் உருகும் வாடைதான் எங்களை எழுப்பியது. பிரேக்கர் விழவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அம்மா இன்றும் நம்புகிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் கூட்டிக் காட்டுகிறேன்.

ஜோகன்னஸ்பர்க்

அக்கா அமெரிக்காவிலிருந்து ஆசையாக ஒரு ரைஸ் குக்கர் கொண்டுவந்தாள். 120 வோல்ட், 500 வாட். பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினோம். வோல்ட் இரண்டு மடங்குகூட இல்லையே, கொஞ்சம் சீக்கிரம் வேகும், அவ்வளவுதான் என்று நினைத்தோம். உள்ளே இருக்கும் சுருளின் தடை 28.8 ஓம், எந்த ஊருக்கு வந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். வோல்ட் ஏறினால் ஆம்பியரும் கூடவே ஏறுகிறது: 4.2-லிருந்து 8. இரண்டும் ஏறியதால் பெருக்கல் 1840 வாட்டுக்கு வந்துவிட்டது, கிட்டத்தட்ட நான்கு மடங்கு! அடியில் அரிசி கருகி, உள்ளிருந்த ஃபியூஸும் போய்விட்டது. போன் சார்ஜரில் '100-240' என்று போட்டிருக்கும், அதைப் பயமில்லாமல் செருகலாம். சூடாக்கும் சாமான் எதுவானாலும் முதலில் வோல்ட்டைப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ், டர்பன்

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கீசரில் 3 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 3 யூனிட்தானே? ப்ரீபெய்ட் மீட்டரில் வாங்கிப் போடும் யூனிட் ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது?

சாட்ஸ்வொர்த், டர்பன்

அண்ணா, 3 கிலோவாட் என்பது அது தின்னும் வேகம். யூனிட் என்பது கிலோவாட்-ஹவர், அதாவது தின்ற அளவு. ஒரு மணி நேரம் ஓடினால்தான் 3 யூனிட். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும், அதற்கு இரண்டே கால் மணி நேரத்துக்குமேல் ஓட வேண்டும். தொட்டி முழுக்க ஆறிப்போயிருந்தால்தான் இவ்வளவு. இன்று எல்லாரும் குளித்து முடித்ததும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு கீசரைப் போடுங்கள், அது தானாக நின்றதும் திரும்பப் பாருங்கள். எவ்வளவு குறைந்தது என்று இங்கே எழுதுங்கள் அண்ணா, சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.