காட்டில் தப்பிப் பிழைக்க யாரிடம் கற்றீர்கள்? அனுபவப் பகிர்வு

பூண்டி நடையன்:
வெள்ளியங்கிரி, ஏப்ரல், ராத்திரி ஏற்றம். ஆறாவது மலையில் ஆண்டி சுனை. நண்பன் வேட்டியோடு முங்கி எழுந்து, அதே ஈர வேட்டியோடு ஏழாவது மலைக்குக் கிளம்பிவிட்டான். மேலே காற்று ஆளைத் தள்ளியது. முதலில் பல் கிட்டியது, வெடவெடவென்று நடுங்கினான். பாதி ஏற்றத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. "பழகிருச்சு பாரு" என்றான் கூட வந்தவன். கடலைமிட்டாய் கொடுத்தேன். உறையைப் பிரிக்க அவன் விரல் ஒத்துழைக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், உறையோடு வாயில் வைத்துக் கடித்தான். எனக்கு அந்தக் காட்சிதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

பின்னால் மூங்கில் தடியோடு வந்த பெரியவர் ஒருவர், "நடுக்கம் நின்னா சூடு ஏறிடுச்சுன்னு அர்த்தமில்ல தம்பி, உடம்பு கைவிடுது" என்றார். பாறை மறைவில் உட்காரவைத்து, ஈரத்தை எல்லாம் அவிழ்த்து, தன் கம்பளியைச் சுற்றினார். கைகாலைத் தேய்க்கப் போன எங்களைத் தடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்ப நடுங்க ஆரம்பித்தான். "இப்பதான் சரி" என்று சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றினார்.

ஏழுமலை ஏறி:
சுனையில் குளிக்காமல் ஏழாவது மலை ஏறுவது என்ன யாத்திரை? சுனையைக் குறை சொல்லாதீர்கள். மாற்றுத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போகவேண்டும், குளித்ததும் தலை துவட்டி உடனே மாற்றவேண்டும். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், கம்பளி நனைந்தாலும் ஓரளவு தாங்கும். என் அனுபவமா? வருடாவருடம் போய் நல்லபடியாகத் திரும்பி வருகிறேன், அவ்வளவுதான்.

வால்பாறைக்காரி:
சுனைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் இடம், முன்னால் வாட்சர் அண்ணன், அவர் காடர் பழங்குடி. பாதையில் யானை லத்தி. நான் சுற்றி நடக்கப் பார்த்தேன். அவர் குனிந்து புறங்கையை அதன் மேல் வைத்தார். சூடு. ஒரு சிட்டிகை காய்ந்த மண்ணை எடுத்து, விரல் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். தூசு எங்களிடமிருந்து முன்னால் இருந்த ஈட்ட மூங்கில் புதருக்குள் போனது. அதாவது நம் வாடை அங்கே போகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை, தோளைத் தொட்டுத் திருப்பினார். நாலு எட்டு வைத்ததும் புதருக்குள்ளிருந்து வயிறு உருளும் சத்தம் கேட்டது. அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை அருகில் நின்றிருக்கிறது, ஒரு இலைகூட அசையவில்லை.

துரத்தினால் சரிவில் இறங்கி ஓடுங்கள், யானைக்கு இறக்கம் வராது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

கூடலூர் குளிர்:
இதைச் சொல்லித்தான் ஆட்களைச் சாகடிக்கிறார்கள். செங்குத்துச் சரிவில் யானை பின்னங்காலை மடக்கிச் சறுக்கி இறங்குவதை நேரில் பார்த்தவன் நான், எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கு மேலேயே. சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வரும். ஓடிப் பிழைக்கலாம் என்ற கணக்கையே விடுங்கள். தூரத்திலேயே கண்டுகொண்டு வந்த வழியே விலகுவதுதான் வழி. அந்த வாட்சர் செய்தது சரி, நீங்கள் கடைசியில் சேர்த்தது தப்பு.

பேச்சோடு பேச்சாகப் பாம்பையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். கடித்த இடத்தை அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கை என்றால் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், அப்புறம் வீங்கிவிடும். கடிபட்ட காலை ஆட்டாமல் குச்சி வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். 108 வண்டி எங்கே வரமுடியும் என்பதைக் காட்டுக்குள் நுழையும் முன்பே கேட்டு வையுங்கள். நம் ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்குக்கும்தான். அதற்கான விஷத்தை வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் குழிவிரியனுக்கு அந்த மருந்து கேட்காது. அதனால் பச்சையாக ஒன்று கிளையில் சுருண்டிருந்தால் போட்டோவுக்குக் கிட்டே போகாதீர்கள்.

கீழ்ப்பழனி:
மழையில் தீப்பெட்டி ஊறிப்போய் நின்றோம். கூட வந்த பளியர் பழங்குடி அண்ணன் மடியிலிருந்து லைட்டரையும், கருங்குங்கிலியம் என்கிற மரப்பிசின் துண்டு ஒன்றையும் எடுத்தார். லைட்டர் நெருப்பு பட்டதும் கரும்புகையோடு பிடித்துக்கொண்டது, அதன்மேல் ஈரச்சுள்ளியைச் சீவிச் சீவி வைத்தார். சீவினால் உள்ளே காய்ந்த கட்டை வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. எல்லோரும் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போடிக்காரன்:
வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பங்குனி, சித்திரையில் எங்கள் மலைக்கு அதை எடுத்து வராதீர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவதே குற்றம். குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் போனது இந்தப் புல்காட்டுத் தீயில்தான். கீழே பிடித்த தீ மேலே இருக்கும் புல்லை முன்னாலேயே காயவைத்துக்கொண்டு ஏறும். ஏற்றத்தில் அதை முந்த ஆளால் முடியாது, ஓடையிடுக்கில் போய் ஒளிந்தால் அது புகைபோக்கி மாதிரி இழுக்கும்.

வேறொரு வருடம் மாமாவோடு கொட்டகுடிப் பக்கம் போயிருந்தபோது சரிவில் தீ வந்தது. நாங்கள் மேலே ஓடத் திரும்பினோம். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, பக்கவாட்டில், ஏற்கெனவே எரிந்து கறுத்துக் கிடந்த திட்டுக்குள் தள்ளினார். "எரிஞ்ச இடத்துல திரும்ப எரிய என்னடா இருக்கு, நில்லு!" ஈரத்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றோம். அடியில் கங்கு இருந்திருக்கிறது, என் ரப்பர் செருப்பு இளகிச் சாம்பலோடு ஒட்டிக்கொண்டது. கழற்றப் போனேன், மாமா ஒரு அறை விட்டார். தீ தாண்டிப் போனபிறகு அதே செருப்போடு கீழே இறங்கிவந்து, போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசு வாங்கினோம். காசையும் அவரே கொடுத்தார்.