குங்ஃபூ காமெடிக்குத் தமிழ் சப்டைட்டில்: சிரிப்பு எந்த வரியில் நழுவுகிறது?

வரிக்குருவி கேட்டது:
1978-இல் வந்த 'டிரங்கன் மாஸ்டர்', 2004-இல் வந்த 'குங்ஃபூ ஹஸில்' இரண்டுக்கும் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். கையில் இருப்பது ஆங்கில வரிகள் மட்டும்தான். சண்டை வரும் இடத்தில் ஒரு எழுத்துகூட இல்லாமல் சிரிப்பு வருகிறது. பேச்சு வந்ததும் படுத்துவிடுகிறது. எதை அப்படியே விடலாம், எதை நம் ஊர்ப் பேச்சாக மாற்றலாம்? மாற்றினால் "சீனாக்காரன் ஏன் மெட்ராஸ் பாஷை பேசுகிறான்" என்று கேட்கமாட்டார்களா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடி:
தமிழுக்கு வருமுன் அந்த ஆங்கில வரியைச் சந்தேகப்படுங்கள். பல டிஸ்க்குகளில் இருப்பது காண்டனீஸ் (ஹாங்காங்கில் பேசும் சீனமொழி) வசனத்தின் மொழிபெயர்ப்பே அல்ல, ஆங்கில டப்பிங்கைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்தது. கண்டுபிடிப்பது சுலபம். ஆள் வாயே திறக்காத இடத்தில் ஆங்கில வரி ஓடினால், அது டப்பிங் வசனம். அன்றைய ஹாங்காங் படங்களைப் பெரும்பாலும் ஒலியில்லாமல் எடுத்துவிட்டுப் பிறகுதான் குரல் சேர்ப்பார்கள். ஆகவே வாயசைவு கொஞ்சம் பிசகுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்த பொறி, படத்தோடு வரும் சீன எழுத்து. அதை நம்பலாம் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் அது பொதுச் சீன எழுத்துநடையில் இருக்கும். நடிகர் வாயில் வரும் காண்டனீஸ் கொச்சை அதிலேயே பாதி உதிர்ந்துவிடும். நீங்கள் பிடிப்பது மூன்றாம் கை சரக்கு. படம் முழுவதையும் காண்டனீஸ் தெரிந்தவரிடம் கொடுக்க முடியாவிட்டால், சிரிப்பு விழவேண்டிய முப்பது நாற்பது வரிகளுக்கு நேரக்குறிப்பு எடுத்து அவற்றை மட்டும் கேளுங்கள். கேட்கவேண்டியது அர்த்தம் அல்ல, "இதில் சிரிப்பு ஒலியிலா, மரியாதையிலா, பழைய கதையிலா?"

ஒலியில் இருந்தால் கைகழுவிவிடுங்கள். காண்டனீஸில் நான்கு என்பதும் சாவு என்பதும் சுரத்தில் மட்டுமே வேறுபடும். அந்தச் சிலேடையைத் தமிழில் உருட்டிப் பிசைவதைவிட, இரண்டு வரி தள்ளி, தமிழ் தானாக இடம் கொடுக்கும் இடத்தில் ஒரு சிரிப்பை வைத்துக் கணக்கை நேர்செய்யலாம்.

கம்புக்காரன்:
மேலே சொன்னதில் "பழைய கதை" பற்றி. 'டிரங்கன் மாஸ்டர்' நாயகன் வோங் ஃபே-ஹுங் கற்பனைப் பாத்திரம் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த தென்சீனாவின் குவாங்டோங் பகுதி வைத்தியர், வீரக்கலை ஆசான். 1949 முதல் குவான் டாக்-ஹிங் என்ற நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவரை நீதிமான் பெரியவராகவே நடித்துக் காட்டியிருந்தார். அப்பேர்ப்பட்டவரை ஜாக்கி சான் அடங்காத பயலாக ஆக்கியதுதான் படத்தின் முதல் ஜோக். ஹாங்காங்கில் பெயரைக் கேட்டதுமே சிரித்திருப்பார்கள், நம் ஆளுக்கு அது வெறும் பெயர். விளக்கக் குறிப்பு போடாதீர்கள், படிப்பதற்குள் உதை விழுந்துவிடும். அப்பா திட்டும் வரிகளில் "வோங் குடும்பத்துப் பேரு" என்பதை விடாமல் வைத்திருங்கள். பையன் எந்தப் பெயரைக் கெடுக்கிறான் என்று பார்ப்பவருக்குப் பிடிபட்டுவிடும்.

உறவுமுறையில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. தெருவில் ஒரு பெண்ணிடம் வம்பு செய்கிறான். அவள் தாயிடம் உதை வாங்குகிறான். வீட்டுக்கு வந்தால் அவர்கள் சொந்தக்காரர்கள். ஆங்கிலத்தில் 'ஆன்ட்', 'கசின்' என்று வழவழா. தமிழில் 'அத்தை' என்று போட்டீர்களானால் அவள் முறைப்பெண், "கேலி செய்தால் என்ன தப்பு?" என்று அரங்கம் அவன் பக்கம் சாய்ந்துவிடும். 'சித்தி' என்றால் அவள் தங்கை முறை. சிரிப்பு போய்ச் சங்கடம் வந்துவிடும். சீனத்தில் அப்பாவின் சகோதரிக்கும் அம்மாவின் சகோதரிக்கும் தனித்தனிச் சொல் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தைதான் என்றால், சிரிப்பை "உறவு" மேல் வைக்காமல் "அடிச்சது அத்தைன்னு தெரியாம அடிவாங்கிட்டு வந்திருக்கான்" என்ற பக்கம் திருப்பலாம்.

குருவைக் கூப்பிடும் 'சிஃபு'வுக்கு மாஸ்டர் வேண்டாம். சிலம்பத்தில் புழங்கும் 'வாத்தியார்', 'ஆசான்' இரண்டுமே உட்காரும். நாயகனுக்குக் கற்றுக்கொடுக்கும் குடிகாரக் கிழவருக்கு 'வாத்தியார்' இன்னும் பொருத்தம். மூத்த சீடரைக் கூப்பிடும் 'சி-ஹிங்'கை மட்டும் கண்மூடி 'அண்ணே' ஆக்காதீர்கள். அது வயதுக்கணக்கு அல்ல, பள்ளியில் யார் முதலில் சேர்ந்தார் என்ற கணக்கு. நரைத்தவன் சின்னப் பையனை அப்படிக் கூப்பிடும் காட்சி எங்காவது வந்தால், "எனக்கு முன்னாடி சேர்ந்தவரு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அப்புறம் 'அண்ணே' போடுங்கள். அப்போது அந்த 'அண்ணே'வே ஜோக்.

கிழவர் கற்றுத்தரும் அடிமுறைகளுக்குப் பெயர் தரும் எட்டுப் பேரை, எட்டுக் குடிகார 'அமரர்கள்' என்று எழுதினால் இழவு வீட்டு வாசனை வரும். 'சித்தர்' நெருக்கமான சொல். எட்டாவது சித்தர் ஒரு பெண், அவள் அடிமுறையை நாயகன் இளக்காரமாக ஒதுக்குகிறான், கடைசிச் சண்டையில் அதுதான் தேவைப்படுகிறது. முதலில் என்ன இளக்காரச் சொல் போட்டீர்களோ அதே சொல் கடைசியிலும் வரவேண்டும். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கலாம், மறந்து வேறு சொல் போட்டுவிட்டால் முடிச்சு அவிழாது.

கத்திரிப்பான்:
மொழியைவிட நேரத்தில்தான் அதிகம் போகிறது. இந்தச் சண்டைகளை நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 22 அல்லது அதற்கும் குறைவாக எடுத்து 24-இல் ஓட்டுவது ஹாங்காங் வழக்கம். அதனால் அசைவு ஒரு பிடி வேகமாகத் தெரியும். அந்த வேகத்தில் வாசிக்க வைத்தால் கண் எழுத்தில் நிற்கும், ஸ்டூல் பறந்தது தெரியாது.

நான் பின்பற்றுவது: அடி தொடங்கும் ஷாட்டுக்கு முன்பே வரியை எடுத்துவிடுவது, அடிபட்டவன் கையை உதறி முகம் சுளிக்கும் ஷாட் வந்தபிறகே அடுத்த வரி. எத்தனை சின்ன வரியானாலும் ஒரு நொடிக்குக் குறையாமல், எத்தனை நீளமானாலும் ஏழு நொடிக்கு மேல் போகாமல். கேள்வியும் பதிலும் ஒரே சப்டைட்டிலில் இரண்டு வரியாக வரக்கூடாது. பதிலை முன்கூட்டியே படித்துச் சிரித்துவிட்டு, நடிகர் சொல்லும்போது சும்மா இருப்பார்கள்.

மென்பொருளில் ஒரு வரிக்கு 42 எழுத்து என்று வரம்பு வைத்திருப்பார்கள். அது தமிழுக்குத் தவறான கணக்கு. 'பெயர்ப்பு' நமக்கு ஐந்து எழுத்து, கணினியின் யூனிகோடு குறியீடுகளை எண்ணினால் ஒன்பது. சிவப்புக் கோடு காட்டுகிறது என்று நல்ல வரியை வெட்டாதீர்கள், திரையில் அகலம் பாருங்கள்.

சொல்வரிசையும் ஒரு சிக்கல். காண்டனீஸில் வினைக்குப் பிறகு செயப்படுபொருள், அதாவது எதை அடித்தான் என்பது கடைசியில் வெடிக்கும். "அவன் பெஞ்சை அடிச்சான்" என்றால் நடுவிலேயே புஸ்ஸாகிவிட்டது. "அவன் அடிச்சது... பெஞ்சை" என்று திருப்புங்கள்.

இன்னொன்று, படம் அகலத்திரை. குதிரை நிலையில் (காலை அகட்டி முழங்காலை மடக்கி) நிற்பவன் கால் ஃபிரேமின் அடியில் இருக்கும். எழுத்தைக் கீழே கறுப்புப் பட்டையில் தள்ளிவிட்டால் கால் தப்பிக்கும்.

வரிக்குருவி:
நன்றி. 'குங்ஃபூ ஹஸில்' வீட்டு உரிமையாளர் தம்பதி தங்கள் பெயரைச் சொல்லும் இடத்தில் ஆங்கில வரி 'பாரிஸ்', 'ஹெலன் ஆஃப் ட்ராய்' என்கிறது. ஷாங்காயில் கிரேக்கர் எங்கிருந்து வந்தார்கள்? நான் அம்பிகாபதி, அமராவதி போடலாமா?

ஓலைச்சுவடி:
மூலத்தில் அவர்கள் சொல்வது யாங் குவோ, சியாவ் லோங்-நியு. ஜின் யோங் எழுதிய வீர நாவலின் காதல் ஜோடி, அழகின் உச்சம். ரோலரைத் தலையில் சுற்றிக்கொண்டு சிகரெட்டோடு திரியும் அம்மாவும் அவள் புருஷனும் அந்தப் பெயரைச் சொல்வதுதான் சிரிப்பு. ஆங்கிலக்காரர்கள் அதே முரணைக் கிரேக்கத்தில் தேடினார்கள், தப்பில்லை. அம்பிகாபதியும் முரணைக் கொடுக்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

கம்புக்காரன்:
என் ஓட்டு இல்லை. திரையில் சீன முகம், காதில் சீனப் பெயர், எழுத்தில் அம்பிகாபதி. படத்தை விட்டு ஆளை வெளியே இழுத்துவிடும். சீனப் பெயரையே வைத்து, பக்கத்தில் "காவியக் காதலர்" என்ற இரண்டு சொல்லை வசனத்துக்குள்ளேயே நுழையுங்கள். அந்த இரண்டு முகத்துக்கு அது போதும்.

இந்தப் படத்தில் மாற்றவே வேண்டாத இடங்கள் நிறைய. 'வீட்டுக்காரம்மா' என்று எழுதினாலே பாதி வேலை முடிந்தது. குடித்தனக்காரருக்குத் தண்ணீரை நிறுத்தும் காட்சிக்கு நம் ஊரில் உரையே வேண்டாம். துரத்தல் காட்சி கார்ட்டூன் மாதிரியே ஓடுகிறது, அங்கே எழுத்தைத் தொடாதீர்கள். பிச்சைக்காரன் சின்னப் பையனிடம் விற்கும் 'புத்தர் கை' வித்தைப் புத்தகத்துக்கு மட்டும் ஒரு தமிழ் ருசி சேர்க்கலாம். பழைய காமிக்ஸிலும் 1964-இன் படத்தொடரிலும் வந்த பெயர் அது, அங்கே எல்லோருக்கும் தெரியும். விற்பவன் பேச்சை "முப்பதே நாளில்..." புத்தகம் விற்கிறவன் தோரணையில் எழுதினால், ஏமாற்றுவேலை என்று நம் ஆளுக்கு உடனே மூக்கில் வியர்க்கும்.

கத்திரிப்பான்:
மெட்ராஸ் பாஷை கேள்வியை எல்லோரும் தாண்டிவிட்டீர்கள். டப்பிங்கில் எடுபடும், சப்டைட்டிலில் எடுபடாது. டப்பிங்கில் மூலக்குரல் போய்விடுகிறது, புதுக்குரல் தன் ஊரைக் கொண்டுவரலாம். சீன உலகத்திலேயே அப்படித்தான்: 'குங்ஃபூ ஹஸில்' நாயகனும் இயக்குநருமான ஸ்டீபன் சௌவின் காண்டனீஸ் படங்களுக்கு மாண்டரின் (பொதுச் சீனம்) குரல் கொடுத்த ஷி பான்யூவின் சிரிப்பொலிதான் தைவானிலும் சீனப் பெருநிலத்திலும் பலருக்கு 'ஸ்டீபன் சௌ சிரிப்பு'. சப்டைட்டிலில் மூலக்குரல் கூடவே கேட்கிறது. அதன்மேல் 'இன்னாபா' என்று எழுதினால் இரண்டும் மோதும். பொதுவான பேச்சுத்தமிழ் போதும். "என்னடா", "போடா", "சும்மா இரு" அளவோடு நிறுத்துங்கள்.