14 வயது லேப்டாப்: தூக்கிப் போட மனசு வரவில்லை, என்ன செய்யலாம்?

தூசிதட்டி (கேள்வி)

2011-இல் முதல் சம்பளத்தில் வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-ஐ 10 ஆக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கும் ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இல்லை, பிராசஸரும் பழசு என்று விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். போதாக்குறைக்கு, தமிழ்99 கீபோர்டு அமைப்பில் ‘ர’ இருக்கிற கீ உதிர்ந்துவிட்டது. மரம் என்று அடித்தால் ம்ம் என்று விழுகிறது. திரையும் ஸ்பீக்கரும் மட்டும் புதுசு மாதிரி இருக்கின்றன. இதற்கு என்ன வேலை கொடுக்கலாம்?

நாலாம்திருகு

முதலில் கவிழ்த்து பேட்டரியைப் பாருங்கள். லேசாக உப்பியிருந்தாலும் அமுக்காமல், குத்தாமல் கழற்றி, மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். உங்கள் மாடலில் அது தாழ்ப்பாளைத் தள்ளினால் வந்துவிடுகிற ரகமாக இருக்கும். சார்ஜரிலேயே ஓட்டலாம்; கரண்ட் போனால் அவ்வளவுதான்.

அப்புறம், மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பிராசஸர் இல்லை, ஹார்ட் டிஸ்க்தான். அதற்குப் பதிலாக இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான இலவச ஓஎஸ் ஏற்றுங்கள். இரண்டு மூன்று திருகு வேலை.

எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன். படம் பார்க்க, கோப்பு சேமிக்க, விளம்பரம் தடுக்க என்று மூன்று சர்வரை ஒன்றாக ஏற்றி, இரண்டே வாரத்தில் எதுவும் திறக்கவில்லை. இப்போது வீட்டுப் போட்டோக்களுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. அதிலும் முதல் நாள் இரவு மூடியைச் சாத்தியதும் அது தூங்கிப்போய், காலையில் பார்த்தால் பாதிப் படம்கூட ஏறவில்லை. மூடினாலும் விழித்திருக்க வேண்டும் என்று செட்டிங்கில் சொல்லி வைக்கணும்.

மின்கணக்கு

சர்வர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா கிடந்தாலும் 15 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓட மாதம் கிட்டத்தட்ட 11 யூனிட். தேவைப்படும்போது மட்டும் திறக்கிற வேலையாகப் பாருங்கள். வீட்டில் பழைய ஆடியோ கேசட் இருக்கிறதா? டேப் ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து லேப்டாப்பின் மைக் ஓட்டைக்கு ஒரு வயர். ஆடாசிட்டி என்கிற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்யலாம். இன்டர்நெட்டே வேண்டாம், அதனால் அப்டேட் கவலையும் இல்லை.

ஒருகைபார்ப்போம்

திரை நன்றாக இருக்கிறது என்றால் அதைக் கழற்றி, திரையின் மாடல் நம்பருக்குப் பொருந்துகிற கன்ட்ரோலர் போர்டு வாங்கி மானிட்டர் ஆக்கலாம். நான் ரிப்பன் கேபிளைக் கிழித்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

தூசிதட்டி

எல்லாருக்கும் நன்றி. பேட்டரி உப்பவில்லை, ஆனாலும் கழற்றிவிட்டேன். உள்ளே திறந்தால் ஃபேனுக்கும் அது காற்று தள்ளுகிற தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி தூசி! சாமணத்தால் ஒரே துண்டாக உரித்து எடுத்தேன். எஸ்எஸ்டி போட்டபின் அரை நிமிடத்துக்குள் திறந்துவிடுகிறது.

@மின்கணக்கு, கேசட் யோசனைதான் ஜெயித்தது. பெட்டிக்குள் பாட்டியின் குரல் இருந்த கேசட் ஒன்று கிடைத்தது. முதல் முறை ஒரே கரகரப்பு. மைக் ஓட்டை கொஞ்சம் சத்தத்தையே தாங்காது போல. டேப் ரெக்கார்டர் வால்யூமைக் கால்வாசிக்குக் குறைத்ததும் தெளிந்தது. அந்த ஓட்டை மோனோதான் (ஸ்டீரியோ இல்லை, ஒரே ஒலித்தடம்), பேச்சுக்கு அது போதும். ஒரு மணி நேரப் பதிவு, வேவ் கோப்பாக 300 எம்பி சொச்சம்.

60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகத்தான் செய்யும், அதை யாரும் வேகப்படுத்தச் சொல்லப்போவதில்லை. நேற்று பி பக்கம் ஓடும்போது பாட்டி யாரையோ அதட்டுகிறார். யாரை என்று கேட்டுப் பார்த்தேன், என்னைத்தான். கோப்புக்குப் பெயர் வைக்கத்தான் ‘ர’ வேண்டியிருக்கிறது. ஒரு யுஎஸ்பி கீபோர்டு செருகியிருக்கிறேன்.