எடைமேடை கம்ப்யூட்டரில் டைம் ஸோனைப் பூட்ட முடியுமா?

மன்னார்குடி பக்கம் அரிசி ஆலையில் எடைமேடைச் சீட்டு போடுறேன். சம்பா அறுவடை, நெல் லாரி ரோடு வரைக்கும் நிக்குது. இன்னிக்குக் காலை 10 மணிக்குப் போட்ட சீட்டில் நேத்து ராத்திரி 8.30னு அடிச்சிருக்கு. டிரைவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அப்ப நான் வீட்டுல தூங்கிட்டிருந்தேனே சார்"ங்கிறார். பார்த்தா, நைட் ஷிப்ட் பையன் ஸோனை அமெரிக்காவோட பசிபிக் நேரத்துக்கு மாத்தியிருக்கான். அவனுக்கு அட்மின் உரிமை கிடையாது. மணியைத் தொட்டா பாஸ்வேர்டு கேக்குது, ஸோனை மட்டும் எப்படி விட்டுச்சு?

பதில் 1: ரெண்டும் தனித்தனி உரிமைங்க. விண்டோஸ் விஸ்டாவிலேயே பிரிச்சாச்சு. லேப்டாப்போட ஊர் ஊராப் போறவங்களுக்கு வசதியா, ஸோனைச் சாதாரண யூசரும் மாத்தலாம். 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'ங்கிற விண்டோஸ் செட்டிங் ஜன்னல்ல யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட் போங்க. 'சேஞ்ச் தி டைம் ஸோன்'ல யூசர்ஸ் குழுவை மட்டும் எடுத்துடுங்க. அங்கேயே இருக்கிற லோக்கல் சர்வீஸைத் தொடாதீங்க, அது விண்டோஸே உள்ளுக்குள்ள பயன்படுத்துற கணக்கு. பையன் லாக் ஆஃப் பண்ணித் திரும்ப உள்ள வந்தாத்தான் இந்த மாற்றம் அமலாகும்.

கேட்டவர்: அந்த ஜன்னலே வரலையே?

பதில் 2: உங்களுது விண்டோஸ் ஹோம் எடிஷனா இருக்கும், அதுல அந்த ஜன்னல் கிடையாது. ப்ரோ எடிஷன் போடச் சொல்லுங்க முதலாளிகிட்ட.

கேட்டவர்: ஹோம்தான். அறுவடை முடியட்டும்னுட்டார். அதுவரைக்கும் சீட்டுல மணியைப் பேனாவுல எழுதிக் கையெழுத்துப் போடுறேன்.